அம்மாவின் வயதுக்கு இரண்டு விடை

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் பேரனின் வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். அப்பாவின் வயது மகனின் வயதைப் போல மூன்று மடங்கு. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இரண்டு மடங்காகும். இப்போது யாருக்கு என்ன வயது என்று கேள்வி. குழுவில் இருக்கும் நாற்பது பேரில் பதினான்கு பேர் பதில் போட்டீர்கள். அதில் ஆறு விதமான விடை. ஒருவர் மகனுக்கு மைனஸில் வயது கொண்டுவந்திருந்தார். அவர் யார் என்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். விடை பன்னிரண்டும் முப்பத்தாறும். நான் பதில் போடவில்லை. மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் இரும்புப் பாகங்களை அளந்து, எது எதைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்க்கும் வேலைதான் செய்தேன். ஆனாலும் வயதுக் கணக்கு என்றால் ஒதுங்கிவிடுவேன். எட்டாம் வகுப்பிலிருந்தே அப்படி. ஏன் என்று உங்களிடம் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று ஒன்றும் இல்லை, நீங்கள் கேட்டதில்லை.

எட்டாம் வகுப்பில் மாசி, பங்குனி மாதங்கள். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குப் பின்னால் மணலில் கருவாடு காயும் காலம். வகுப்பில் உட்கார்ந்தால் நெத்திலி வாசமும் நம் கணக்கு வாத்தியாரின் மூக்குப்பொடி வாசமும் மாறிமாறி வரும். என்னிடம் ஒரு தகர ஜாமெட்ரி பெட்டி இருந்தது. அக்கா படிக்கும்போது வைத்திருந்தது. காம்பஸ் கிடையாது, பாகைமானியில் தொண்ணூறு டிகிரிக்கு அப்பால் உடைந்துபோயிருக்கும். மூடியைத் திறந்தால் துருவும் பென்சில் தூளும் கலந்த ஒரு வாசம். அந்தப் பெட்டி எப்போது காணாமல் போனது என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

வாத்தியார் எக்ஸை நமக்கு அறிமுகம் செய்த விதம் உங்களில் சிலருக்காவது ஞாபகம் இருக்கும்.

"தெரியாத ஆளு ஒருத்தரு வூட்டுக்கு வந்துகினு கீறாரு. இன்னா பண்ணுவீங்க? தொரத்திடுவீங்களா? மொதல்ல உக்கார வெச்சி ஒரு பேரு குடுங்க. எக்ஸுன்னு வெச்சிக்கோங்க. அப்பறம் அவரப் பத்தி நாலு பேரு இன்னா சொல்றாங்கன்னு கேளுங்க. ஆளு யாருன்னு தானா தெரிஞ்சிடும்."

அவரிடம் இன்னொரு கட்டாயமும் உண்டு. எந்தக் கணக்கையும் இரண்டு வழியில் போட்டுக் காட்ட வேண்டும். "ஒருத்தரு சொல்றத மட்டும் நம்பி போடாத. ரெண்டு வழியும் ஒரே எடத்துல வந்து நின்னாதான் அது விடை" என்பார். புத்தகத்தில் இருந்த கணக்கெல்லாம் தீர்ந்ததும், வீட்டு மனிதர்களை வைத்தோ பொருள்களை வைத்தோ ஆளுக்கொரு கணக்கு எழுதி வரச் சொன்னார். குப்பத்துப் பையன்கள் இறால் கூடையை வைத்து எழுதினீர்கள். எவளோ ஒருத்தி ஆட்டுக்கால்களை எண்ணி எழுதியிருந்தாள். நான் அம்மாவின் வயதை எக்ஸ் என்று வைத்தேன்.

அதற்குக் காரணம், எங்கள் வீட்டில் யாருக்கும் வயது கிடையாது. வித்தியாசம் மட்டும்தான் உண்டு. அவனைவிட நான் இரண்டு வயது மூத்தவள், இவள் பிறந்தபோது அவன் நடந்துகொண்டிருந்தான், இந்த மாதிரி. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்களே தவிர, யாரும் எண்ணைச் சொல்ல மாட்டார்கள். எனக்குப் பதின்மூன்று, அக்காவுக்கு இருபது என்பது மட்டும் பள்ளிக்கூடத் தயவில் உறுதியாகத் தெரியும். அக்கா பதினொன்றாம் வகுப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் வழிக்கு மாமாவைப் பிடித்தேன். அம்மாவின் அண்ணன். ரயில்வேயில் வேலை, செங்கல்பட்டில் ஜாகை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து இறங்குவார். அரசாங்க வேலை என்பதால் அவருக்கு மட்டும் வயது எண்ணாகவே இருந்தது.

"எனக்கு முப்பத்திமூணு. உங்கம்மா என்னவிட ரெண்டு வயசு சின்னவ" என்றார், சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே. பிறகு தலையை நிமிர்த்தி, "இன்னாத்துக்குக் கேக்குற?" என்றார்.

"வீட்டுப்பாடம் மாமா."

"ஓ, அப்ப சரி" என்று மறுபடி செயினைச் சுற்றினார். வீட்டுப்பாடத்தால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைத்திருப்பார். எக்ஸ் முப்பத்தொன்று.

இரண்டாம் வழிக்குப் பக்கத்து வீட்டு அத்தை. அவருக்கு முப்பத்தைந்து என்று ரேஷன் கார்டில் இருந்தது, கார்டை எடுத்துக் காட்டினார். எங்கள் வீட்டுக் கார்டை அம்மா பெட்டியில் பூட்டி வைத்திருப்பாள். "உங்கம்மா என்னவிட மூணு வயசு பெரியவங்க. அதனாலதான அக்கா அக்கான்னு கூப்புடறேன்" என்றார். எக்ஸ் முப்பத்தெட்டு.

ஒரே அம்மாவுக்கு இரண்டு வயது. இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், கூட்டலில் தப்பில்லை. நோட்டை வாத்தியாரிடம் கொண்டுபோனேன்.

"ரெண்டு விடை வந்தா இன்னா அர்த்தம்?" என்றார்.

"ரெண்டுல ஒருத்தர் தப்பா சொல்றாங்க சார்."

"யாரு?"

"தெரியல சார். மூணாவதா ஒரு வழி பாக்கறேன்."

அவர் நோட்டைத் திருப்பித் தரவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அக்கா அவரிடம் படித்தவள், அவள் வயது அவருக்குத் தெரியும். "வேணாம். இத வுட்டுடு. மாங்கா வெச்சி வேற எழுதினு வா" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கணக்கு அவருக்கே கஷ்டமாக இருக்கிறது, ஒப்புக்கொள்ளாமல் மாங்காய்க்குத் தாவுகிறார் என்று நினைத்தேன். மாங்காய்க் கணக்கு எழுதிக் கொடுத்தேன். பத்துக்குப் பத்து போட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதை வீட்டில் பேசாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாங்காய் போதும் என்று நினைத்துவிட்டார்.

அதன்பிறகு நான் அம்மாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். தெருவில் மற்ற அம்மாக்கள் கிளிப்பச்சையும் கத்தரிப்பூ நிறமும் கட்டுவார்கள். எங்கள் அம்மா காப்பிப்பொடி நிறம், சாம்பல் நிறம், இல்லாவிட்டால் வெந்தய நிறம். மெட்டல் சட்டம் போட்ட ஒரு கண்ணாடி வைத்திருந்தாள். திருக்கழுக்குன்றம் திருவிழாவில் வாங்கியது. அதைப் போட்டுப் பார்த்தேன், வெறும் கண்ணாடி, பவர் கிடையாது. வெளியாட்கள் வந்தால் மட்டும் போட்டுக்கொள்வாள். எழுந்திருக்கும்போது முட்டியில் கைவைத்து "அப்பாடா" என்பாள், அதுவும் யாராவது இருந்தால்தான்.

ஒரு சாயங்காலம் கோட்டை மதிலுக்கு வெளியே நானும் இன்னும் இரண்டு பெண்களும் பாண்டி ஆடிக்கொண்டிருந்தோம். அம்மா என்னைக் கூப்பிட வந்தவள், கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, "இப்டியா ஆடுவாங்க?" என்று சில்லை வாங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒற்றைக்காலில் எட்டுக் கட்டமும் போய்த் திரும்பி வந்தாள். ஒரு கோட்டைக்கூட மிதிக்கவில்லை. அந்தப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். உடனே அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். எனக்கு மூன்றாவது வழி கிடைத்துவிட்டது. எக்ஸ் முப்பத்தொன்றுதான். பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் ஏன் ஏழு வயதைக் கூட்டிச் சொல்கிறாள் என்று புரியவில்லை. அது அடுத்த கணக்கு என்று விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது எக்ஸ். எக்ஸிலிருந்து அக்காவின் இருபதைக் கழித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

பங்குனியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை செங்கல்பட்டில் மோட்டார் மெக்கானிக். எங்கள் அப்பா தனியார் பஸ் டிரைவர். ஒரு தடவை அவர் பஸ் திருக்கழுக்குன்றம் ரோட்டில் நின்றுபோனபோது வந்து சரி செய்தவர் இந்த மாப்பிள்ளைதான். அன்று அக்காவும் அந்த பஸ்ஸில் இருந்தாள். "கை மட்டும்தான் கருப்பு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அக்கா ஒரு ஆம்பிளையைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மாவும் அதைக் கேட்டுவிட்டாள். இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று ஒரு வாரமாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் நான்கு பேர். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா, தரகர். கேசரி, பஜ்ஜி, காப்பி. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, வெந்தய நிறப் புடவையில், அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. பேச்சுவாக்கில்தான் கேட்டார்.

"உங்களுக்கு இன்னா வயசும்மா இருக்கும்? பாக்க சின்னப் பொண்ணாட்டம் கீறீங்க."

"முப்பத்தெட்டு முடிஞ்சிடுச்சி" என்றாள் அம்மா.

நான் பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். "இல்லம்மா, முப்பத்தொண்ணு. நான் மூணு வழியில கணக்கு போட்டுட்டேன்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. கோபம் இல்லை. அப்பா, "அது சின்னது, ஒளறுது" என்றார். ஒளறுகிறேன் என்றால் நான் சும்மா இருப்பேனா? உள்ளே ஓடி நோட்டை எடுத்துவந்து பெரியப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். அம்மாவின் வயது எக்ஸ் என்க. மாமாவின் வயது எக்ஸ் கூட்டல் இரண்டு. எக்ஸ் சமம் முப்பத்தொன்று. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் ஒரு மாதமாகச் செய்யாத கழித்தலை அவர் ஒரு நொடியில் செய்துவிட்டார்.

"பொண்ணுக்கு இருவதுன்னு சொன்னீங்க" என்றார் மெதுவாக.

அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவரைப் பேசவிடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் பெத்த பொண்ணு இல்லம்மா. எங்கக்கா பொண்ணு. எங்கக்கா போயிட்டா. கொழந்தைக்கு மூணு வயசு, எனக்குப் பதினாலு. பாத்துக்க ஆளு வேணும்னு என்ன இவருக்குக் கட்டி வெச்சாங்க."

அப்போதுதான் எனக்கும் தெரியும்.

"ரெண்டாந்தாரம்ன்றது ஒண்ணும் தப்பு இல்லம்மா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நீ வளத்த பொண்ணுன்னு சொல்லி இருந்தா கையெடுத்துக் கும்புட்டிருப்பேன். மொதல்லயே மறச்சிட்டீங்களே. இன்னும் இன்னா இன்னா மறச்சி இருக்கீங்களோ, எனக்கு இன்னா தெரியும்?"

எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை கடைசியாக எழுந்தார். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். வெற்றிலைத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

பின்னால் அம்மாவே சொல்லித் தெரிந்துகொண்டது: அம்மாவும் அப்பாவும் படாளத்தைவிட்டு இங்கே குடிவந்தபோது அக்காவுக்கு நான்கு வயது, அம்மாவுக்குப் பதினைந்து. புது ஊர். யாருக்கும் எதுவும் தெரியாது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நான்கு வயதுக் குழந்தை என்றால் முதல் கேள்வியிலேயே விஷயம் வெளியே வந்துவிடும். அதனால் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் ஏழு வயதைக் கூட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு. பதினெட்டில் பெற்ற கணக்கு வந்துவிடுகிறது. அதற்கேற்ற நிறத்தில் புடவைகளும் வாங்கிக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டாம் வகுப்பைக்கூடப் பார்க்காதவள், எக்ஸை விடையிலிருந்து பின்னோக்கிப் போட்டிருக்கிறாள்.

ஊர் பேசும் என்று அவள் பயப்படவில்லை. அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. விஷயம் தெரிந்தால் அக்கா எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஒரு சொல்தான் கிடைக்கும். அக்கா வாயிலிருந்து அது வந்துவிடக் கூடாது. அம்மாவுக்கு வேறு கவலையே இல்லை.

அவர்கள் போனதும் அப்பா என் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். அல்ஜீப்ராதான் குற்றவாளி என்று நினைத்தார்போல. பிறகு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அம்மா அடுப்பைப் பார்த்து நின்றாள். திரும்பவே இல்லை. நான் சமையலறை வாசலில் நின்றேன். அக்கா பட்டுப்புடவையோடு என்னைத் தாண்டி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து கேசரிப் பாத்திரத்தை இழுத்தாள்.

"அம்மா, இவ்ளோ மீந்துபோச்சி. ஒனக்கும் போடட்டா?"

அம்மா திரும்பினாள். "நான் சொன்னது காதுல வுழுந்திச்சா?"

"வுழுந்திச்சி. எனக்கு ஒம்போது வயசுலயே தெரியும். படாளத்துல ஒரு சாவு வூட்டுக்குப் போனோமே, அங்க ஒரு கெழவி என் மோவாயப் புடிச்சி, அப்டியே செத்தவ மொகம்னு அழுதுச்சி."

"பதினோரு வருசமா ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. நீ ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ சித்தின்னுடுவ" என்றாள் அம்மா.

அழவும் செய்தாள். அக்கா ஒரு கையால் அவளைப் பிடித்து உட்காரவைத்து, இன்னொரு கையால் கேசரி போட்டாள். எனக்கு யாரும் போடவில்லை. நானே எடுத்துத் தின்றேன்.

அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. தரகர் மூலம் விஷயம் நான்கு ஊருக்குப் போனதில் அடுத்த இடங்களும் தள்ளிப்போயின. சில நாள் கழித்துக் கிணற்றடியில் அக்கா என்னிடம் சொன்னாள்: "நீ கணக்கு சரியாத்தான் போட்ட. ஒன்ன யாரு கேட்டா?" அதற்கப்புறம் ரொம்ப நாள் அவள் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறவில்லை. நான்கு வருஷம் கழித்துப் படாளத்திலேயே கல்யாணம் ஆனது. அத்தான் நல்ல மனிதர், கரும்பு போட்டார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கை மட்டும் கருப்பாக இருந்த அந்த மனிதரை அக்காவுக்குப் பிடித்திருந்தது, அதைக் கெடுத்தது நான். அன்றைக்கு எனக்கு வெட்கம்கூட வரவில்லை. விடை சரி என்ற நினைப்புதான் இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

பக்கத்து வீட்டு அத்தை கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. தன்னைவிட நான்கு வயது சின்னவளைப் பதினாறு வருஷம் அக்கா என்று கூப்பிட்டிருக்கிறோமே என்று அவருக்கு ரோஷம். பிறகு ஒருநாள் மதில் மேலாக, "அக்கா, கொஞ்சம் மோர் கீதா?" என்று கேட்டார். அம்மா கொடுத்தாள். அவருக்குக் கடைசிவரை அம்மா அக்காதான். அம்மாவும் அந்த ஏழு வயதைத் திருப்பித் தரவில்லை. ரேஷன் கார்டு, ஓட்டு அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் அதே கணக்கு. அப்பா போனபின் ஒருதடவை, இனிமேலாவது குறைத்துக்கொள்ளேன் என்று கேட்டுப் பார்த்தேன். காது கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

போன மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி. நானும் அக்காவும் கூடப் போனோம். அக்காவுக்கும் வயதாகிவிட்டது, முட்டி வலி, இரண்டு பேரையும் நான்தான் ஆட்டோவில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. நர்ஸ் பெண் ஒரு படிவத்தை என் கையில் கொடுத்து, "நீங்க எழுதுங்க மேடம், எனக்கு அங்க வேல கீது. வயசு மட்டும் சரியா போடுங்க, மயக்க மருந்து டாக்டரு பாப்பாரு" என்றாள். உண்மையான வயது எழுபத்தெட்டு. எனக்குத் தெரியும், டாக்டருக்கும் அது தெரிந்தால் நல்லது என்றும் தெரியும். பேனாவைத் திறந்தேன்.

"பாட்டிக்கு இன்னா வயசும்மா?" என்று நர்ஸ் போகிறபோக்கில் சத்தமாகக் கேட்டாள்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அக்காவின் கையைத் தடவிப் பிடித்தாள்.

"இதோ, என் பெரிய பொண்ணு. இவளுக்கு அறுவத்தேழு ஆவுது. பதினெட்டு சேத்துக்கோ."

நர்ஸ் போய்விட்டாள். நான் அக்காவைப் பார்த்தேன். உண்மையான வயதை அவள் சொல்வாள் என்று நினைத்தேன், நீயே சொல் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அம்மாவின் கையை விடாமல், "எழுதுடி, எண்பத்தஞ்சு" என்றாள்.

எண்பத்தைந்து என்று எழுதினேன். பிறகு நர்ஸைத் தேடிப்போய், அம்மா காதில் விழாத தூரத்தில், டாக்டரிடம் மட்டும் எழுபத்தெட்டு என்று சொல்லிவிடச் சொன்னேன். அவள் படிவத்தைத் திருத்தப்போனாள். அதில் கை வைக்காதே, அது சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.